சர்வே நம்பர் என்ன, ஸார்?

சொந்த வீடு வேண்டுமென்றால் சென்னைவாசிகள் போவது சிறுவாபுரி முருகனிடம். ஆறு செவ்வாய்க்கிழமை விடாமல் போனால் வீடு அமையும் என்பது நம்பிக்கை. என் மச்சினன் கொஞ்சம் குறுக்கு வழிக்காரன். அவன் வேலை பார்ப்பது ஒரகடத்தில். பக்கத்திலேயே வல்லக்கோட்டையில் கோடையாண்டவர் என்ற பெயரோடு ஏழடி உயரத்தில் முருகன் நிற்கும்போது, பெட்ரோல் செலவு பண்ணிக்கொண்டு எதற்கு வடக்கே போக வேண்டும் என்பது அவன் கட்சி.

"எல்லா முருகனும் ஒரே முருகன்தானே, மாமா!"

அவன் வேண்டுதல் ஒரு விதத்தில் உடனே பலித்தது. கோயிலை விட்டு வெளியே வந்து செருப்பைத் தேடுவதற்குள் அவன் கையில் மூன்று நோட்டீஸ். மூன்றும் மனை விற்பனை!

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் ராமானுஜர் ஞாபகம் வரும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பித்தது. 2006-ல் நோக்கியா வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. கம்பெனி பஸ்கள் மூன்று ஷிஃப்டுக்கும் பையன்களை ஏற்றி இறக்குகின்றன. பையன்கள் இருக்கிற இடத்தில் சம்பளம் இருக்கும். சம்பளம் இருக்கிற இடத்தில் வெள்ளைக் கல்லும் கலர் கொடியும் நட்டு ஒருத்தர் நிற்பார். இது இயற்கையின் நியதி.

மச்சினனுக்கு வயது இருபத்தொன்பது. நாலு பேர் சேர்ந்து எடுத்த ரூமில் வாசம். பெண் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் காபி ஆறுவதற்குள் ஒரு கேள்வி வருகிறது: "தம்பிக்கு சொந்தமா மனை கினை ஏதாவது...?" இந்த 'கினை'க்காகத்தான் அவன் அவசரப்பட்டான். என் மாமியார், தன் எட்டுப் பவுனைத் தருவதாகச் சொல்லிவிட்டார். அந்த எட்டுப் பவுனில் என் சகதர்மிணிக்கும் ஒரு கண் உண்டு என்பதால், 'நீங்களும் கூடப் போயிட்டு வாங்க' என்று எனக்கு உத்தரவு வந்தது.

போனேன். இலவச வேன், இலவசத் தண்ணீர் பாட்டில், இலவச பிரிஞ்சி. நான் பார்த்தவரையில், எது இலவசமோ அதற்கான பில் பிறகு வேறு தலைப்பில் வரும்.

வேனில் நோட்டீஸைப் படித்தேன். அதில் கிலோ மீட்டரே கிடையாது, எல்லாம் நிமிஷம். 'ஒரகடம் 5 நிமிடம்', 'பரந்தூர் விமான நிலையம் 20 நிமிடம்'. பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவிப்பு வந்தது 2022-ல். ஏகனாபுரத்து ஜனங்கள் எங்கள் நிலம் போகிறது என்று போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அங்கே விமானம் இறங்குவதற்கு முன்பே இங்கே விலை ஏறிவிட்டது.

மனைகளைக் காட்டிய இளைஞர் டை கட்டியிருந்தார். வெயிலில் டை கட்டிய மனிதரைப் பார்த்தால் எனக்கு முதலில் இரக்கம் வரும். அப்புறம்தான் சந்தேகம் வரும்.

"ஆடி ஆஃபர் ஸார். இன்னிக்கு டோக்கன் போட்டா ஒரு கிராம் தங்கக் காசு. ரிஜிஸ்ட்ரேஷன் ஆவணில வெச்சுக்கலாம்."

ஆடியில் பத்திரம் பதிய நம் ஆட்கள் யோசிப்பார்கள். ஆனால் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் எழுதியிருக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தவருக்குத்தான் தங்கக் காசு கொடுக்க வேண்டும்.

"சர்வே நம்பர் என்ன, ஸார்?" என்றேன்.

"பிளாட் நம்பர் நாப்பத்தேழு. ஈஸ்ட் ஃபேஸிங். லேக் வியூ. அதனால சதுர அடிக்கு அம்பது ரூபா மட்டும் எக்ஸ்ட்ரா."

"அது நீங்க வெச்ச நம்பர். கவர்மெண்ட் வெச்ச நம்பர் என்ன?"

"டாக்குமென்ட் எல்லாம் ஆபீஸ்ல இருக்கு ஸார். முதல்ல டோக்கன் போட்டுட்டீங்கன்னா முழு செட்டும் கையில குடுத்துடுவோம்."

மாத்திரையை முழுங்கிய பிறகு மருந்துச் சீட்டைப் படிக்கச் சொல்கிற மாதிரி! மச்சினன் என் முழங்கையைச் சுரண்டினான். "மாமா, எங்க கம்பெனியிலயே எட்டு பேர் புக் பண்ணிட்டாங்க. மானத்தை வாங்காதீங்க."

நான் நகரவில்லை. கடைசியில் டைக்காரர், கடன் கொடுக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நோட்டீஸின் பின்பக்கம் ஒரு நம்பரைக் கிறுக்கிக் கொடுத்தார்.

சர்வே நம்பர் என்பது நிலத்தின் ஜாதகம். அது கையில் கிடைத்துவிட்டால், முன்பெல்லாம் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுத் திண்ணையிலும் சார்பதிவாளர் அலுவலக மரத்தடியிலும் நாள் கணக்கில் காத்திருந்து பார்த்ததை, இன்று ரூமில் கால் நீட்டிக்கொண்டு செல்போனிலேயே பார்க்கலாம். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் எல்லாம் இருக்கின்றன. பதிவுத்துறையின் தளத்தில் வில்லங்க விவரத்தைக் காசு கொடுக்காமலே பார்க்கலாம். ஒரு சினிமா டிரெய்லர் பார்க்கிற நேரம்தான்.

அன்று ராத்திரி நாலு பேர் ரூமில் ஐந்து பேராக உட்கார்ந்து பார்த்தோம். அந்த சர்வே நம்பருக்கு இரண்டு உட்பிரிவு. ஒன்று புஞ்சை, தனியார் பட்டா. சுத்தம். இன்னொன்றுக்கு நேரே 'ஏரி' என்று ஒரே வார்த்தை.

மறுநாள் காலை டீக்கடையில் ஒரு பெரியவரிடம் விசாரித்தோம்.

"கொடி நட்டு வெச்சிருக்காங்களே, அந்த எடமா? ரோட்டோரம் இருக்கிற ரெண்டு வரிசை பட்டா நெலம் சார். அதுக்குப் பின்னால பூரா ஏரி உள்வாய். 2015 மழையில அங்கதான் எங்க பசங்க தூண்டில் போட்டாங்க."

நாற்பத்தேழாம் நம்பர் நாலாவது வரிசை. லேக் வியூ என்று சொன்னது பொய்யில்லை. ஜன்னலைத் திறந்தால் மட்டுமல்ல, கதவைத் திறந்தாலும் ஏரிதான்! அதற்கு சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் எக்ஸ்ட்ரா.

இதில் சூட்சுமம் என்னவென்றால், பத்திரத்தில் எழுதப்போவது முன்னால் இருக்கிற பட்டா உட்பிரிவு. அதனால் பதிவும் தடங்கல் இல்லாமல் நடந்துவிடும். காலால் அளந்து காட்டுவது மட்டும் பின்னால் இருக்கிற ஏரி. காகிதம் ஒரு நிலத்தைச் சொல்லும். விரல் வேறு நிலத்தைக் காட்டும். மனை விவகாரத்தில் நான் கேள்விப்பட்ட பெரிய நஷ்டங்களில் முக்கால்வாசி இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததுதான். பத்திரத்தை வீட்டில் உட்கார்ந்து படிப்பார்கள். நிலத்தை வெறுங்கையோடு போய்ப் பார்ப்பார்கள். பத்திரத்தையும் புல வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு, சர்வேயரோடு நிலத்தில் நின்று படிக்கிறவர் நூற்றில் ஒருவர். சர்வேயருக்குக் கொடுக்கிற பணம் செலவில்லை ஸார், இன்ஷூரன்ஸ்!

'பதிவு ஆயிடுச்சே, அப்ப கவர்மெண்டே ஒத்துக்கிட்ட மாதிரிதானே?' என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இல்லை. இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதற்குத்தான் பதிவு சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு அது சொந்தம் என்று அரசாங்கம் ஜாமீன் போடவில்லை.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரிகள் அதிகம். மழை இல்லாத வருஷம் ஏரி உள்வாய் கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி அம்சமாக இருக்கும். தண்ணீர் சும்மா இருக்கிறதே தவிர, தன் விலாசத்தை மறப்பதில்லை. 2015 டிசம்பரில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் வந்து அதைச் சொல்லிவிட்டுப் போனது. மனை பார்க்க ஆடி மாதத்து வெயிலில் போகாதீர்கள்; ஐப்பசி கார்த்திகையில் பேண்ட்டை மடித்துக்கொண்டு போங்கள்.

'அ' பதிவேட்டில் ஏரி மட்டும்தான் ஆபத்து என்பதில்லை. ஓடை, மேய்க்கால், வண்டிப்பாதை, களம், அனாதீனம் என்று கேட்க அழகான தமிழ் வார்த்தைகள் வரும். கவிதை எழுத நல்லவை. வீடு கட்ட ஆகாதவை. கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறை வரும். இன்னொன்று பஞ்சமி நிலம். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், இந்த மாவட்டத்தில் தாழ்த்தப்பட்டவர்கள் படுகிற பாட்டை அறிக்கையாக எழுதினார். அதன் பலனாக 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவானது. முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் அவர்களுக்குள்தான் கைமாறலாம் என்று நிபந்தனை. அந்த நிலங்கள் எப்படியெல்லாமோ கைமாறின. மீட்கக் கேட்டுப் போராடியபோது 1994-ல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு உயிர்கள் போயின. மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்படி ஒரு நிலத்தை வாங்கினால் பணமும் நிற்காது. இன்னொருத்தர் வயிற்றில் அடித்த பாவமும் சேரும்.

அடுத்து மச்சினன் ஒரு பழைய வீட்டைப் பார்த்தான். அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்று பேரும் கையெழுத்துப் போடத் தயார். மூலப் பத்திரம் தாத்தா பெயரில். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அவனே கேட்டான்.

"உங்களுக்கு அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களா?"

"இருக்குது ஒரு அக்கா, வாலாஜாபாத்துல. அதுக்குத்தான் கல்யாணம் பண்ணி, சீர் செஞ்சு அனுப்பியாச்சே! அதுக்கு என்ன இதுல?"

அதற்குத்தான் எல்லாம் இதில்! பரம்பரைச் சொத்தில் பெண்களுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. அக்கா கையெழுத்து இல்லாமல் வாங்குகிறவர் வீட்டோடு ஒரு வழக்கையும் சேர்த்து வாங்குகிறார். வழக்குக்கு மட்டும் பத்திரச் செலவு கிடையாது. வாரிசுச் சான்றிதழ் கேட்டு, அதில் இருக்கிற அத்தனை பேரும் பத்திரத்திலும் இருக்கிறார்களா என்று கல்யாணப் பத்திரிகையில் பெயர் தேடுகிற மாமா மாதிரி தேட வேண்டும்.

மூன்றாவதாக வந்தவர் ஒரு பவர் ஏஜெண்ட். நிலத்துக்காரர் வெளியூரில் இருக்கிறார், எனக்கு ஜெனரல் பவர் கொடுத்திருக்கிறார் என்றார். வெறும் பவரையும் அக்ரிமென்ட்டையும் வைத்துக்கொண்டு நிலம் கைமாறியதாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவரை வைத்து உங்கள் பெயருக்குக் கிரயப் பத்திரமே எழுதித் தருவதாக இருந்தாலும், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும். ஆள் போனால் பவரும் போச்சு. "அவரை ஒரு தடவை வீடியோ கால்ல காட்டுங்க ஸார், நமஸ்காரம் பண்ணிக்கிறோம்" என்றேன். 'பேசிட்டுக் கூப்பிடுறேன்' என்று போனவர் இன்னும் பேசிக்கொண்டேயிருக்கிறார்.

'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்ற போர்டைப் பார்த்தால் ஜாக்கிரதை. மனைப்பிரிவுக்கு அனுமதி வர வேண்டிய இடம் டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டபோது, பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்த எத்தனையோ பேருக்குத் தூக்கம் போனது. விற்கவும் முடியவில்லை, லோனும் கிடைக்கவில்லை. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்து, 2016 அக்டோபர் 20-க்குள் பதிந்த மனைகளுக்குக் கட்டணம் கட்டி வழி பிறந்தது. அதற்குப் பிறகு பிரித்து விற்கிற அங்கீகாரம் இல்லாத மனைக்கு அந்த வழியும் கிடையாது.

மனைப்பிரிவோ அடுக்கு மாடியோ, சட்டம் சொல்கிற அளவைத் தாண்டினால் ரெரா பதிவு வேண்டும். அந்த நம்பர் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கவும் கூடாது. ஃபிளாட் என்றால் இரண்டு கேள்விகள்: சுவருக்கு உள்ளே எனக்கு எத்தனை சதுர அடி? மண்ணில் எனக்கு எத்தனை சதுர அடி? மொட்டை மாடி, மாடிப்படி, லிஃப்ட் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்து 'ஆயிரம் சதுர அடி' என்பார்கள். அதில் பாய் விரித்துப் படுக்க முடியாது.

அதற்காகக் காகிதம் சரியாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றும் இல்லை. 2014 ஜூன் 28-ல் மவுலிவாக்கத்தில் சரிந்து 61 பேரைப் பலிகொண்ட பதினோரு மாடிக்கும் சி.எம்.டி.ஏ. அனுமதி இருந்தது. காகிதத்தில் நின்ற கட்டடம் மண்ணில் நிற்கவில்லை. தெரிந்த சிவில் என்ஜினீயர் ஒருவரை ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டடத்தைக் கட்டாதவரின் கண்ணுக்குத்தான் விரிசல் தெரியும்.

கடைசியாகக் கடன். முப்பது லட்சம், எட்டரை சதவீதம், இருபது வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய அறுபத்திரண்டரை லட்சம். ஒன்று நமக்கு, ஒன்று பேங்குக்கு என்று இரண்டு வீடு கட்டுகிறோம். மனை வாங்கினால் முத்திரைத் தீர்வை ஏழும் பதிவுக் கட்டணம் இரண்டுமாக ஒன்பது சதவீதம் தனி. இதை மறந்துவிட்டுக் கடைசி வாரம் வட்டிக் கடைக்கு ஓடுகிறவர்கள் ஏராளம். பேங்கில் 'இந்தச் சொத்துக்கு லோன் தர மாட்டோம்' என்றால் மேனேஜர்மேல் கோபப்படாமல் ஒரு கும்பிடு போடுங்கள். வக்கீல் பீஸ் வாங்காமல் சொல்லப்பட்ட யோசனை அது.

இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு முக்கியமாக ஒன்று. கம்பெனி கேட்டை நம்பி இருபது வருஷக் கடன் வாங்காதீர்கள். நோக்கியா 2006-ல் திறந்து 2014 நவம்பரில் மூடியது. எட்டே வருஷம். மறைமலை நகர் ஃபோர்டு 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியது. தவணைக்கு மட்டும் ஷட்டர் கிடையாது. அது எல்லா ஷிஃப்டுக்கும் வந்துவிடும். ஆறு மாதத் தவணையாவது கையில் தனியாக இருந்தால்தான் ராத்திரி தூக்கம் வரும். தூங்கத்தானே ஸார் வீடு?

மச்சினன் இன்னும் வாங்கவில்லை. எட்டுப் பவுன் மாமியாரிடமே பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஃபேக்டரியில் அவனுக்குப் பெயர் 'சர்வே நம்பர்'. ஏற்கெனவே புக் பண்ணியிருந்த அந்த எட்டு பேரில் ஐந்து பேர் அவனைக் கூட்டிக்கொண்டு போய் டோக்கன் பணத்தைச் சண்டை போட்டு வாங்கிவிட்டார்கள். மூன்று பேர் இன்னும் நடக்கிறார்கள்.

போன மாதம் காஞ்சிபுரத்தில் பெண் பார்க்கப் போயிருந்தோம். வழக்கம்போல் காபி வந்தது. வழக்கம்போல் கேள்வியும் வந்தது.

"தம்பிக்கு மனை கினை...?"

"மனை இல்லீங்க. பார்த்துட்டு வேணாம்னு விட்டது மூணு இருக்கு" என்று ஆரம்பித்தான். ஏரியைச் சொன்னான். வாலாஜாபாத் அக்காவைச் சொன்னான். பவர் ஏஜெண்ட்டைச் சொன்னான். எனக்கு வியர்த்துவிட்டது. இந்த இடமும் போச்சு என்று சகதர்மிணி என்னைப் பார்த்த பார்வையில் காபி மறுபடி சூடானது.

பெண்ணின் அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனார். ஐந்து நிமிஷம் கழித்து ஒரு மஞ்சள் பையோடு வந்து, அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாப்ளே, போன வருஷம் ஒரு மனை வாங்கினேன். இதுல சர்வே நம்பர் எங்க இருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்."

அன்றைக்கு அவன் பெண்ணைப் பார்த்ததைவிடப் பத்திரத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம். தை மாதம் கல்யாணம்.